பலதரப்பட்ட பிள்ளைகள் வரும் கதைப் புத்தகங்களை வகுப்பில் எப்படிப் படித்துக் காட்டுவது?

தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். பலவகையான குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளைப் பற்றிய ஐந்து சிறுவர் புத்தகங்களைப் படித்துவிட்டு, நாளை ஆசிரியரானதும் உங்கள் வகுப்பில் அவற்றை எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் புத்தகங்களை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், என் கண் அங்கேதான் நின்றது: "நான் படிக்கும் கதையில் வருகிற மாதிரியே ஒரு பிள்ளை என் முன்னால் உட்கார்ந்திருந்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்குமா, கூச்சமாக இருக்குமா?" நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். பட்டியலை யாரிடமும் வாங்கிவிடலாம். இந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சின்ன வயதில் ரசித்துப் படித்த ராஜா ராணிக் கதைகளை இனி வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 22 வருடம் வேலை பார்த்தவள். ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் எடுத்திருக்கிறேன். அதில் பல வருடம் ஈராசிரியர் பள்ளி, அதாவது மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் என்னிடம் இருப்பார்கள். உங்களைப் போலக் கற்பித்தல் பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் இருந்திருக்கிறேன். எல்லாமே சமவெளி ஊர்கள். மலைப்பள்ளிகளில் வேலை பார்த்ததில்லை. பார்வையற்ற பிள்ளைகள், காது கேளாத பிள்ளைகள் படிக்கும் சிறப்புப் பள்ளிகளிலும் இருந்ததில்லை. அந்த வகுப்பறைகளுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே இருப்பவர்களையும் கேளுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் புத்தகங்களில் எல்லாப் பிள்ளைகளும் இல்லை என்பது வெறும் மனக்குறை இல்லை, எண்ணிப் பார்த்துச் சொன்ன விஷயம். அமெரிக்காவில் 1965-ல் நான்சி லாரிக் என்பவர், அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் வெளியான 5,206 சிறுவர் புத்தகங்களைப் பற்றிப் பதிப்பகங்களிடம் விசாரித்தார். ஒரே ஒரு கறுப்பினப் பாத்திரமாவது வந்த புத்தகங்கள் 349. நூற்றுக்கு ஏழு கூட இல்லை. இருபது வருடம் கழித்து, 1985-ல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் புத்தக மையம் எண்ண ஆரம்பித்தது. அந்த வருடம் வந்த ஏறக்குறைய 2,500 புத்தகங்களில் கறுப்பின எழுத்தாளரோ ஓவியரோ உருவாக்கியவை 18. நீங்கள் பாடத்தில் படித்திருக்கும் 'கண்ணாடியும் ஜன்னலும்' என்ற உவமை அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990-ல் எழுதிய கட்டுரையில் வருவது. ஒரு புத்தகம் பிள்ளைக்குத் தன் முகத்தைக் காட்டும் கண்ணாடியாக இருக்கலாம், அடுத்தவர் வீட்டைக் காட்டும் ஜன்னலாக இருக்கலாம், உள்ளே போய்ப் பார்க்கவிடும் கதவாகவும் இருக்கலாம் என்றார் அவர். எப்போதும் ஜன்னலை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளை தன்னைப் பற்றி ஒன்றைக் கற்றுக்கொள்கிறது, தனக்கு அங்கே இடமில்லை என்று. எப்போதும் கண்ணாடியை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளையும் கற்றுக்கொள்கிறது, தான் மட்டும்தான் உலகம் என்று. இந்த இரண்டாவது பாதியைப் பயிற்சி வகுப்புகளில் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் தாண்டிவிடாதீர்கள்.

ஆனால் இதெல்லாம் அமெரிக்கக் கணக்கு. அதை அப்படியே நம் பள்ளிக்கு எடுத்து வைக்க முடியாது. அங்கே நிறமும் இனமும் முன்னால் நிற்கும். இங்கே சாதி, ஊர், வீட்டில் பேசும் பேச்சு, அப்பா அம்மா பார்க்கும் வேலை, உடல்நிலை, வீட்டில் யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்பது, இவையெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும். நிறம் இங்கேயும் உண்டு, அதை மறந்துவிடக் கூடாது.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'நான்' என்று தலைப்புக் கொடுத்துப் படம் வரையச் சொன்னேன். எல்லோரும் வரைந்து முடித்துவிட்டார்கள், ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். என்னம்மா என்றேன். "ஸ்கின் கலர் அவன்கிட்ட இருக்கு டீச்சர், அவன் முடிச்சதும் தருவான்" என்றாள். டப்பாவில் இருக்கும் அந்த இளஞ்சிவப்பு கிரேயானுக்குத்தான் நம் பிள்ளைகள் ஸ்கின் கலர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அவள் நல்ல கறுப்பு. அவள் பக்கத்தில் பழுப்பு கிரேயான் சும்மா கிடந்தது. சரி, உன் கையை நோட்டுப் பக்கத்தில் வைத்துப் பார், எந்தக் கிரேயான் ஒத்துப்போகிறது என்றேன். வைத்துப் பார்த்தாள். பழுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "அது மரத்துக்கு டீச்சர்" என்றாள். அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் 'சதை' என்று அந்த நிறத்துக்கு வைத்திருந்த பேரை 1962-லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் வகுப்பில் அந்தப் பழைய பேர் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதே வகுப்பில்தான், பேருக்கொரு நிறமாகப் பிறந்த பூனைக்குட்டிகள் எல்லாம் ஒரே தரம் என்ற பாரதியின் பாட்டைக் கை தட்டிப் பாட வைக்கிறோம். பிள்ளைகள் பாட்டையும் நம்புகிறார்கள், கிரேயானையும் நம்புகிறார்கள். கிரேயான் தினமும் கையில் இருக்கிறது.

புத்தகமும் அப்படித்தான். கதை என்ன சொல்கிறது என்பதைவிட, படத்தில் யார் நடுவில் நிற்கிறார் என்பதைப் பிள்ளை முதலில் படிக்கிறது. உங்கள் பயிற்சிப் பள்ளியின் வகுப்பு நூலகத்தில், கயிற்றில் தொங்கும் புத்தகங்களை ஒரு சாயங்காலம் இறக்கிவைத்துப் பிரித்துப் பாருங்கள். விலங்குக் கதைகளை ஒரு பக்கம் வையுங்கள். ராஜா, முனிவர், வியாபாரி கதைகளை இன்னொரு பக்கம். மிச்சம் இருப்பவற்றில் மனிதப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் ஓட்டு வீட்டிலோ கூரை வீட்டிலோ இருப்பவர் எத்தனை பேர், அம்மா வேலைக்குப் போகிற வீடு எத்தனை, சாப்பாட்டுத் தட்டில் மீனோ கறியோ இருக்கும் படம் எத்தனை, ஆயிஷாவோ ஸ்டெல்லாவோ கதையின் நாயகியாக வருவது எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை உங்கள் கட்டுரையில் போடுங்கள். ஐந்து நல்ல புத்தகங்களின் சுருக்கத்தைவிட அது பெரிய வேலை.

இப்போது உங்கள் முன்னால் உட்காரப்போகிறவர்களை யோசியுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பேரில் 88 பேருக்குத்தான் தமிழ் தாய்மொழி. நூறு பேரில் 20 பேர் பட்டியல் சாதியினர். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தலா ஆறு பேர் அளவில் இருக்கிறார்கள். ஆனால் இந்தச் சராசரி உங்கள் வகுப்பில் உட்காராது. வாணியம்பாடிப் பக்கம் வேலை கிடைத்தால் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் வருவார்கள். திருப்பூரில் இந்தி பேசும் பிள்ளைகள். திருவள்ளூர் செங்கல் சூளைப் பக்கம் ஒடியா பேசும் பிள்ளைகள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றின் அருகில் இருந்தால், முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். இவர்கள் யாரும் வராத பள்ளி என்றாலும், ஊரிலிருந்து பாதியும் காலனியிலிருந்து பாதியும் வருவார்கள், முதல் நாளே யார் யார் பக்கத்தில் உட்காரலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி என் தவறைச் சொல்கிறேன். உங்கள் வரிக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தாள். அந்தச் சமயம் எனக்கு ஒரு கதை கிடைத்தது. பேருந்து நிலையத்தில் அம்மாவோடு பாசிமணி விற்கும் ஒரு சிறுமி பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் கதை. இவளுக்காகவே எழுதியது போல இருக்கிறதே என்று நினைத்தேன். மறுநாள் வகுப்பில் படித்தேன். முடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்து, "நீயும் அம்மா கூடப் போவியாமா?" என்று கேட்டேன். முப்பது தலைகள் திரும்பின. அவள் பாவாடை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள், பதில் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒரு பையன் பாசிமணி விற்கும் குரலில் கூவினான். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். என்னிடம் சண்டை போடவில்லை. "அவ இங்க படிக்கத்தானே டீச்சர் வர்றா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பல வருடமாகியும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. நான் அவளுக்குக் கண்ணாடி கொடுக்கிறேன் என்று நினைத்து, மற்ற முப்பது பேரும் எட்டிப் பார்க்கும் ஜன்னலாக அவளையே ஆக்கிவிட்டேன். பள்ளிக்கு வெளியே ஊர் அவளை எப்படிப் பார்க்கிறதோ, அதே பார்வையைக் கதைப் புத்தகம் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். கதையும் சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. அதில் அந்தச் சிறுமிக்கு ஏழ்மையைத் தவிர வேறு எதுவும் இல்லை. பயம் இல்லை, குறும்பு இல்லை, பிடிக்காத காய்கறி இல்லை, பொறாமை இல்லை.

அதே வருடம் கொஞ்ச மாதம் கழித்து, ஆடும் பல்லை யாரும் பிடுங்கிவிடாமல் காப்பாற்றப் பார்க்கும் ஒரு பையனைப் பற்றிய சின்னப் படக்கதையைக் கயிற்றில் மாட்டியிருந்தேன். அந்தப் புத்தகத்தை அவள் நான்கு முறை வீட்டுக்கு எடுத்துப்போனாள். ஐந்தாம் முறை கேட்டபோது, அப்படி என்னம்மா அதில் இருக்கிறது என்றேன். வாயைத் திறந்து கீழ்ப்பல்லை நாக்கால் ஆட்டிக் காட்டினாள். அவள் தன்னைக் கண்டுகொண்ட புத்தகம் அதுதான். ஒரு பிள்ளை எந்தப் பக்கத்தில் தன் முகத்தைப் பார்க்கும் என்பதை நாம் வெளியிலிருந்து முடிவு செய்ய முடியாது. அதனால்தான் ஒரு புத்தகம் போதாது, நிறைய வேண்டும் என்கிறேன். நாற்பது புத்தகங்களுக்கு நடுவில், யாரையும் சுட்டாமல், அவள் வாழ்க்கை போன்ற வாழ்க்கை வரும் நான்கைந்து கதைகளும் தொங்க வேண்டும். எடுப்பதும் விடுவதும் அவள் இஷ்டம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர் பதில்: அந்தப் பிள்ளைக்குச் சந்தோஷமா கூச்சமா என்பது பாதிக்கு மேல் உங்கள் கண் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. கதை படிக்கும்போது அவளைப் பார்க்காதீர்கள். முடிந்ததும் அவளிடம் கேள்வி கேட்காதீர்கள். 'இந்த மாதிரி நமக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா' என்ற கேள்வியும் வேண்டாம், அதற்குப் பிள்ளைகள் விரலை நீட்டித்தான் பதில் சொல்வார்கள். கதைக்குள்ளேயே கேளுங்கள். அவன் ஏன் பொய் சொன்னான், நீங்களாக இருந்தால் அந்த மரத்தில் ஏறியிருப்பீர்களா என்று. அந்த வாழ்க்கையைத் தெரிந்த பிள்ளைக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் அவளே சொல்வாள். சொல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்து, புத்தகத்தை எப்படி எடைபோடுவது. நான் முதலில் பார்ப்பது, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது வேண்டியிருக்கிறதா என்று. ஒரு பட்டம், ஒரு நாய்க்குட்டி, ஊஞ்சலில் முதல் இடம், எதுவாவது. தனக்கென ஓர் ஆசையும் இல்லாத பிள்ளை பாத்திரம் இல்லை, பாடம். இரண்டாவது, சிக்கலை யார் தீர்க்கிறார்கள் என்று பார்ப்பேன். எப்போதும் வெளியிலிருந்து ஒரு நல்ல மனிதர், பெரும்பாலும் நம்மைப் போல ஒரு டீச்சர், வந்து காப்பாற்றினால் அந்தப் புத்தகம் நமக்காக எழுதப்பட்டது, பிள்ளைக்காக இல்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் வரும் கதைகளில் ஒரு வழக்கமான அச்சு உண்டு. முதலில் எல்லோரும் கேலி செய்வார்கள், அப்புறம் அவன் ஒரு பெரிய ஆபத்திலிருந்து எல்லோரையும் காப்பாற்றுவான், அதன் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். காப்பாற்றாமல் இருந்திருந்தால்? மற்ற பிள்ளைகள் யாரும் நட்புக்கு இப்படி விலை கொடுக்க வேண்டியதில்லையே. எனக்கு இந்த விஷயத்தில் உரைகல்லாக இருப்பது தெத்சுகோ குரோயனாகி தன் பள்ளிப் பருவத்தைப் பற்றி 1981-ல் ஜப்பானில் எழுதிய டோட்டோ-சான். நேஷனல் புக் டிரஸ்ட் அதைத் தமிழிலும் கொண்டுவந்திருக்கிறது. அதில் போலியோ வந்த பையனை, கதை சொல்லும் சிறுமியான டோட்டோ-சான் தன் மரத்துக்கு அழைக்கிறாள். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மரத்தைத் தனதென்று வைத்திருப்பார்கள், அவனுக்கு மட்டும் மரம் இல்லை. ஏணி கொண்டுவருகிறாள், முடியவில்லை. இன்னொரு ஏணி கொண்டுவருகிறாள், வியர்க்க விறுவிறுக்க அவனை மேலே இழுக்கிறாள். பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. அவன் எதையும் நிரூபிக்கவில்லை. மரத்தின் மேல் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புக்கு அந்த அத்தியாயத்தை வாசித்தால் அறை அப்படியே அமைதியாகிவிடும்.

குடும்பம் என்ற தலைப்பையும் கவனியுங்கள். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, தாத்தா, பாட்டி என்று ஆறு பேர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் எல்லாப் பள்ளியிலும் சுவரில் உண்டு. என் வகுப்புகளில் ஒவ்வொரு வருடமும், அப்பா அம்மா சூளைக்கோ மில்லுக்கோ போய்விட, ஆயாவிடம் வளரும் பிள்ளைகள் இருந்தார்கள். அப்பா விட்டுப்போன வீடுகள் இருந்தன. அவர்களுக்கு அந்தப் படம் தினமும் ஒரு கேள்வி. பாட்டியும் பேத்தியும் மட்டும் இருக்கும் வீட்டில் நடக்கும் ஒரு சந்தோஷமான கதை, அதில் அப்பா எங்கே என்று யாரும் கேட்காத ஒரு கதை, பெரிய காரியம் செய்யும்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளை அனுமதிக்கக் கூடாது என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்தக் கயிறு ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று முளைப்பதில்லை. நம்மிடம் ஐந்து வருடம் உட்கார்ந்துவிட்டுத்தான் அங்கே போகிறார்கள். ஹைதராபாத்தின் பெண்கள் ஆய்வு மையமான அன்வேஷி 2008-ல் கொண்டுவந்த கதை வரிசையில் தலித் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் இயல்பான குறும்போடும் கோபத்தோடும் வந்தார்கள். காஞ்சா அய்லய்யா 2007-ல் நவயானா வெளியீடாக ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம், பானை வனைவது, தோல் பதனிடுவது, துணி வெளுப்பது எல்லாம் எவ்வளவு அறிவுள்ள வேலைகள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னது. துர்காபாய் வியாம் வரைந்த படங்களோடு வந்தது. நான் சின்ன வகுப்புகளில் அந்த வழியைத்தான் எடுத்தேன். சாதிப் பேரைச் சொல்லாமல் வேலையின் நுட்பத்தைச் சொல்வது. சுண்ணாம்பு போட்டு ஊறவைத்தால் தோலிலிருந்து முடி ஏன் கழன்று வருகிறது, ஈரப்பானையைக் காயவைக்காமல் சூளையில் வைத்தால் ஏன் வெடிக்கிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு, உங்களிடம் மறைக்க மாட்டேன். பானை செய்வதைப் பற்றிச் சொன்ன உடனே இன்னார் வீட்டு வேலை என்று ஒரு குரல் வரும். பரம்பரைத் தொழிலை நாமே முத்திரை குத்திக் கொடுத்தது போல ஆகிவிடும். அதனால் யார் செய்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எல்லோர் கையிலும் களிமண்ணைக் கொடுத்துவிடுவேன். சாதியைப் பேர் சொல்லிப் பேச எந்த வயது சரி என்பதில் அனுபவமுள்ள ஆசிரியர்களே ஒத்துப்போவதில்லை. ஐந்தாம் வகுப்பில் அம்பேத்கர் பள்ளிப் பருவத்தில் தண்ணீருக்குத் தவித்ததைச் சொல்வது சரி என்பது என் அபிப்பிராயம். அதற்குக் கீழே நான் முயன்றதில்லை.

இந்தப் புத்தகங்களால் பிள்ளைகள் மாறுவார்களா என்பது சந்தேகத்துக்கு உரிய பகுதி. ஓரளவு ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் லிண்ட்சே கேமரனும் ஆடம் ரட்லண்டும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மாற்றுத்திறனாளிப் பிள்ளையும் மற்றொரு பிள்ளையும் நண்பர்களாக இருக்கும் கதைகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை, ஆறு வாரம் படித்துக் காட்டிப் பேச வைத்தார்கள். பிள்ளைகளின் மனப்பான்மை மாறியது. அதிலும் வேறுபாட்டைப் பேசாமல் ஒவ்வொரு பிள்ளையின் தனிக்குணத்தை மட்டும் சொன்ன கதைகளைவிட, வேறுபாடு தெரியவே நட்பைக் காட்டிய கதைகள் நன்றாக வேலை செய்தன. அகதிப் பிள்ளைகளைப் பற்றிய கதைகளை வைத்தும் இதே போல ஆய்வு செய்தார்கள், அங்கேயும் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் மனப்பான்மையை அளப்பது ஒன்று, மத்தியான மணி அடித்ததும் சத்துணவு வரிசையில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது வேறு. என் அனுபவத்தில் கதை மட்டும் அந்த வரிசையை மாற்றியதில்லை. கதையும், நான் இடம் மாற்றி உட்கார வைத்ததும், இரண்டு பேருக்கு ஒரு கிரேயான் டப்பா கொடுத்ததும், நானே அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதும் சேர்ந்துதான் கொஞ்சம் மாற்றியது. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆறு வாரம் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஒரு கதை படித்துவிட்டு மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மொழி விஷயத்தில் எனக்கு நல்லபடியாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான்காம் வகுப்பில் ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பெற்றோர் சூளை வேலை. ஊரில் இரண்டாம் வகுப்பு வரை படித்தவன், ஒடியா நன்றாக வாசிப்பான். தமிழில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்ததால் மக்கு என்று பேர் வாங்கியிருந்தான். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இருக்கும், எழுதியவர் பேரைக் குறிப்பிட்டுவிட்டு இலவசமாக அச்சிட்டுக்கொள்ளலாம். ஒரு கதையைத் தமிழிலும் ஒடியாவிலும் எடுத்து வைத்துக்கொண்டேன். இந்த முறை முதலில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, படிக்கிறாயா, வேண்டாமா, வேண்டாமென்றால் பரவாயில்லை என்றேன். ஒரு நாள் யோசித்துவிட்டு வந்து சரி என்றான். நான் தமிழில் ஒரு பக்கம், அவன் ஒடியாவில் அதே பக்கம். அவன் கடகடவென்று வாசித்ததும் பிள்ளைகள் புத்தகத்தைச் சுற்றிக் குனிந்துவிட்டார்கள். "டீச்சர், எல்லா எழுத்துக்கும் மேல குடை இருக்கு" என்றாள் ஒருத்தி. நீங்க படிங்க டீச்சர் என்றார்கள். எனக்குத் தெரியாது என்றேன். டீச்சருக்குத் தெரியாததை இவன் படிக்கிறான் என்பது வகுப்பில் அன்று முழுக்கப் பேச்சாக இருந்தது. அவன் எனக்கு 'மா' எழுதக் கற்றுக்கொடுத்தான்.

இதற்கும் பாசிமணிக் கதைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். இரண்டிலும் ஒரு பிள்ளையை வகுப்பு திரும்பிப் பார்த்தது உண்மைதான். இங்கே அவனிடம் கேட்டேன், மறுக்க இடம் கொடுத்தேன், அவனிடம் இல்லாததைப் பற்றிப் பேசாமல் அவனிடம் இருப்பதைப் பற்றிப் பேசினோம். அப்படியும் எல்லாப் பிள்ளைக்கும் இது சரிவரும் என்று சொல்ல மாட்டேன். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையாக இருந்தால் அந்தப் புத்தகத்தை அவன் பையில் வைத்து அனுப்பியிருப்பேன்.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் தூலிகா, தாரா ஆகிய இரண்டு பதிப்பகங்களும் தொண்ணூறுகளிலிருந்து இந்த வேலையைச் செய்கின்றன. தூலிகாவில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் புத்தகங்கள் உண்டு. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், நேஷனல் புக் டிரஸ்ட் இரண்டிலும் குறைந்த விலையில் கிடைக்கும். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாக வந்திருக்கின்றன. பயிற்சிப் பள்ளியில் அவை இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள், சில இடங்களில் கட்டுப் பிரிக்காமல் பீரோவில் இருக்கும். எதை வாங்கினாலும் வகுப்பில் படிப்பதற்கு முன் வீட்டில் வாய்விட்டு ஒரு முறை படியுங்கள். உங்கள் நாக்கு எங்கே தயங்குகிறதோ அங்கே பிள்ளைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது.

பெற்றோர் யாராவது ஆட்சேபித்தால் என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். எனக்கு இரண்டு முறைதான் நடந்தது. இரண்டு முறையும் புத்தகத்தைக் கையில் கொடுத்து, உட்காருங்கள், படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். ஒருவர் சமாதானமானார், ஒருவர் ஆகவில்லை.

கடைசியாக உங்கள் ராஜா ராணிக் கதைகள். அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். நானும் அம்புலிமாமா படித்து வளர்ந்தவள்தான், வாசிக்கும் ஆசை எனக்கு அங்கேதான் பிடித்தது. உங்கள் கட்டுரையில் ஐந்தாவது புத்தகமாக அதையே வையுங்கள். எட்டு வயதில் அதைப் படித்தபோது நீங்கள் யாராக இருந்தீர்கள் என்று எழுதுங்கள். இளவரசியாகவா, தோழியாகவா, தண்ணீர் கொண்டுவரும் பணிப்பெண்ணாகவா? படத்தில் இருந்த அவள் நிறம் உங்கள் நிறமா? என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவிகளிடம் இதைக் கேட்டபோது ஒரு பெண் வெகுநேரம் யோசித்துவிட்டு, "நான் எப்பவும் குதிரையா இருந்தேன் மிஸ்" என்றாள். அவளுடைய கட்டுரை அங்கிருந்து தொடங்கியது.